கத்தரிக்காய்க்கு ஒரு பேலன்ஸ் ஷீட்

என் கல்லூரிக் கூட்டாளி ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். டெவன் பக்கம் ஒரு கிராமம். வருஷத்தில் பத்து மாசம் அவனிடமிருந்து சத்தமே இருக்காது. மார்ச் கடைசியில் மட்டும் பயலுக்குத் திடீரென்று உயிர் வந்துவிடும். வாட்ஸப்பில் படமாக வந்து கொட்டும். மஞ்சள் பூ, நீலப் பூ, புல்லில் துள்ளும் ஆட்டுக்குட்டி, மண்வெட்டியோடு அவன், பூவாளியோடு அவன் மனைவி, உடம்பெல்லாம் சேறாக அவன் பிள்ளைகள். கீழே ஒரு வரி: 'மச்சி, இங்க ஸ்பிரிங் வந்தாச்சு. அங்க எப்படி?'

அங்க எப்படியா? 2024 பங்குனியில் அந்தக் கேள்வி வந்தபோது அடியேன் சித்தையன்கோட்டை வீட்டுக் கொல்லையில், தலையில் ஈரத்துண்டு, கையில் தராசு சகிதம் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. நமக்கெல்லாம் வசந்தத்தை அறிமுகப்படுத்தியது இங்கிலீஷ் பாடப்புத்தகம்தான். வேர்ட்ஸ்வொர்த் என்கிற கவிஞர், ஏரிக்கரையில் டாஃபடில் பூக்களைப் பார்த்து எழுதிய பாட்டை மனப்பாடம் செய்யாமல் பள்ளிக்கூடம் தாண்டியவர் குறைவு. அந்தப் பூவை வாத்தியாரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. ஐந்து மார்க் மட்டும் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. அவர் அந்தப் பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15-ஆம் தேதி. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள். கூடவே நடந்து வந்தவர் அவருடைய தங்கை டோரதி. அந்த அம்மாள் பூக்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் விலாவாரியாக எழுதியும் வைத்தார். அண்ணன் 1804-ல் பாட்டு எழுதி, 1807-ல் அச்சில் போட்டார். பாட்டில் தான் தன்னந்தனியாகப் போனதாகத்தான் வருகிறது. தங்கச்சி கணக்கிலேயே இல்லை!

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பங்குனி மத்தியானம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் யாராவது பனியைப் பார்த்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதவும். ஆனால் நம் ஊரில் வசந்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். மாசியில் மொட்டையாக நின்ற வேப்பமரம் பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர்த்து, பொடிப்பொடியாகப் பூத்துக் கொட்டும். புங்கைமரத்தடியில் பொரி இறைத்த மாதிரி பூ. மாமரத்தில் பிஞ்சு. மேற்கே பழனி மலை வெயிலில் நீலப் புகை மாதிரி தெரியும். வெயில் கண்ணைக் கூசவைப்பதால் நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

எனக்கு வேலை மதுரையில். படித்தது பி.காம். பகலில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் இந்த மாதிரி எதையாவது எழுதுகிறேன். அப்பா போன பிறகு அம்மா சித்தையன்கோட்டை வீட்டில் தனியாக இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் கொல்லை. அதில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, கீரை, புதினா, ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ரெண்டு தென்னை, ஓரத்தில் ஒரு வேம்பு.

அந்த வருஷம் மாசி மாசம் ஒருநாள் விடிகாலையில் செடிக்குத் தண்ணி விடப் போன அம்மா, துவைகல் பக்கம் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. எழுந்திரிக்க முடியாமல் அரைமணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ராவுத்தர் அத்தைதான் பார்த்து, ஆள் கூப்பிட்டு, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அந்த அரைமணி நேரத்தை நினைத்து ரெண்டு ராத்திரி தூக்கமில்லை.

"போதும்மா. கிளம்பு, மதுரைக்குப் போயிருவோம்."

"இப்ப எப்படிப்பா வர்றது? வெண்டை இப்பத்தேன் பூவெடுத்திருக்கு."

"சரி, வெண்டை காய்ச்சு முடிஞ்சதும்?"

"அதுக்குள்ள கொத்தவரை வந்துரும்."

"அதுக்கப்புறம்?"

"ஆடி வந்துருமே. ஆடிப்பட்டத்துக்கு விதைக்கணும்ல?"

பார்த்தீர்களா? வருஷத்தில் எந்த மாசத்தைக் கேட்டாலும் அந்த மாசத்துக்கு ஒரு காய் பதில் சொல்கிறது. என் மனைவி பேசிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அப்பத்தா, எங்க வீட்டுல லிஃப்ட் இருக்கு" என்று ஆசை காட்டினாள். அசையவில்லை.

அப்போதுதான் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. இந்தத் தோட்டமே நஷ்டம் என்று காகிதத்தில் காட்டிவிட்டால்? எழுதப் படிக்கத் தெரிந்த மனுஷி. கணக்கு பேசினால் கேட்பார். பங்குனி ஒண்ணாம் தேதி ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கினேன். அந்த மாசம் எங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் அம்மா கூடவே இருந்தோம். நான் அங்கே இருக்கும் நாளில் நானே தராசில் நிறுத்து எழுதினேன். இல்லாத நாளில் போனில் கேட்டு எழுதினேன்.

செலவு: விதை பாக்கெட் 120 ரூபாய். கடலைப் புண்ணாக்கு 300. தொழு உரம் நாலு மூட்டை 400. களை கொத்த ஆள் கூலி 600. மோட்டாருக்குக் கரண்ட் 150. ஆக மொத்தம் 1,570.

வரவு: கத்தரி ஆறு கிலோ 180. வெண்டை மூணரை கிலோ 140. கொத்தவரை ரெண்டு கிலோ 80. முருங்கை முப்பது காய் 90. தேங்காய் பன்னிரண்டு 180. கீரை எட்டுக் கட்டு 80. ஆக மொத்தம் 750.

நிகர நஷ்டம் ரூபாய் 820. எனக்கு உள்ளூர ஒரே குஷி. நஷ்டத்தைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஒரே கணக்குப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அது நோன்பு மாசம். தினமும் சாயங்காலம் ராவுத்தர் அத்தை சுவர் ஓரம் வந்து, "மதினி, கஞ்சிக்குப் புதினா" என்பார். அம்மா நல்ல கையால் ஒரு பிடி கிள்ளிக் கொடுப்பார். மஃரிப் ஆனதும் அதே சுவரைத் தாண்டித் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி வரும். என் மகளுக்கு அதில்தான் ராத்திரிச் சாப்பாடே. இந்தப் புதினாவை எந்தத் தலைப்பில் எழுதுவது? காசு வரவில்லை, வரப்போவதும் இல்லை. நான் யோசித்து, புதினா, கறிவேப்பிலை, தெருவுக்கெல்லாம் கொடுத்த முருங்கைக்கீரை எல்லாவற்றையும் சேர்த்து 'வாராக்கடன்' என்று தனிப் பக்கம் போட்டு எழுதினேன். வியாபாரத்தில் திரும்பி வராது என்று தெரிந்துபோன பாக்கிக்கு அதுதான் பேர்.

மார்ச் 29, புனித வெள்ளி. லீவு நாள். இங்கிலாந்துக் கூட்டாளி போன் பண்ணினான்.

"மச்சி, இன்னிக்கு உருளைக்கிழங்கு நட்டோம்டா. இங்க குட் ஃப்ரைடேக்கு நடுறதுதான் பழைய வழக்கம்."

"உனக்கு ஏதுடா தோட்டம்?"

"ஊர்க் கவுன்சில் வாடகைக்குக் குடுக்கும்டா. அலாட்மென்ட்னு பேரு."

இந்த அலாட்மென்ட் சமாசாரம் சுவாரசியமானது. இங்கிலாந்தில் நிலமில்லாத குடும்பங்கள் காய்கறி போட்டுக்கொள்ள, உள்ளூர் நிர்வாகம் துண்டு நிலம் ஏற்பாடு செய்து தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1908-ல் வந்தது. ஒரு முழுத் துண்டு என்பது சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்ட். ரெண்டாம் உலக யுத்தத்தின்போது சாப்பாட்டுத் தட்டுப்பாட்டுக்குப் பயந்து, தோண்டு, வெற்றி கிடைக்கும் என்கிற மாதிரி அரசாங்கமே பிரசாரம் செய்து ஜனங்களை மண்வெட்டி எடுக்க வைத்தது. இப்போதும் பல ஊர்களில் ஒரு துண்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்களாம்.

"என் பக்கத்துத் துண்டுல ஒரு பாட்டிடா. எண்பத்தஞ்சு வயசு. போன வருஷம் இடுப்பு ஆபரேஷன். இந்த வருஷம் குழி தோண்டிக்கிட்டு நிக்குது. ஏன் பாட்டி கஷ்டப்படுறேன்னு கேட்டா, ஜூன் மாசம் புதுக் கிழங்கு வேணும்ல, நான் நடாம யாரு நடுறதுங்குது."

எனக்கு எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர்களுக்குப் பயம் பனி. மே மாசம்கூட ஒரு ராத்திரி உறைபனி விழுந்து நாற்றெல்லாம் கருகிவிடுமாம். அதனால் தக்காளி நாற்றை ஜன்னலுக்குள் வைத்துப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். நமக்குப் பயம் வெயில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கத்தரி இலை, வருஷக் கடைசியில் டார்கெட் முடிக்காத சேல்ஸ்மேன் மாதிரி தொங்கிவிடும். அம்மா அதற்கு வேர்ப்பக்கம் தேங்காய் உரிமட்டையைக் கவிழ்த்து மூடாக்குப் போட்டு, காலையில் விடியுமுன்னும் சாயங்காலமும் தண்ணி விடுவார். ரெண்டு ஊரிலும் வேலை ஒன்றுதான். செடிக்கும் ஆகாசத்துக்கும் நடுவில் ஒரு கிழவி நிற்கவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விபரீதம் நடந்தது.

காலையில் காய் பறிக்கப் போனேன். ஓரத்துச் செடியில் ரெண்டு கத்தரிக்காய் பருத்து, மஞ்சள் தட்டிக் கிடந்தன. காம்பில் பழைய சேலைக் கிழிசலால் ஒரு முடிச்சு. காற்றில் ஒட்டிக்கொண்ட துணி என்று நினைத்துப் பிய்த்துப் போட்டேன். நிறுத்தேன். ரெண்டும் சேர்ந்து 410 கிராம். முற்றிப்போன காய், விலை போகாது. நோட்டில் 'சேதாரம்' என்று எழுதிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். பக்ரீதுக்கு வளர்க்கிற கிடா. ரெண்டே கடியில் முடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்பது போல என்னைப் பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கொல்லைக்கு வந்தார்.

"ஏப்பா... இங்கன விதைக்கு விட்டிருந்தேனே ரெண்டு காய்?"

சொன்னேன்.

திட்டியிருந்தால் தேவலை. அம்மா ஒண்ணுமே சொல்லவில்லை. மெதுவாகப் போய்த் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டார். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் செடியையே பார்த்தார். அப்புறம்தான் சொன்னார்.

"அது உங்கப்பா ஒட்டன்சத்திரத்துல இருந்து கொண்டாந்ததுப்பா. பச்சையில வெள்ளக் கோடு போட்ட காய். மார்க்கெட்டுல ஒரு விவசாயிகிட்டக் கேட்டு, ஒரு பழுத்த காயை மடியில கட்டிக்கிட்டு வந்தாரு. பதினஞ்சு வருஷமா அதுலருந்துதேன் எடுத்து எடுத்து விதைக்கிறேன். மத்ததெல்லாம் பாக்கெட்டு விதை. அது மட்டுந்தேன்..."

பி.காம். முதல் வருஷத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது என்ன? முதல் வேறு, வருமானம் வேறு. முதலைத் தின்றவன் உருப்படமாட்டான். நானோ பதினைந்து வருஷத்து முதலைத் தூக்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, 410 கிராம் சேதாரம் என்று கணக்கும் எழுதியிருக்கிறேன்!

மீதிக் காய்களைப் பார்த்தேன். எல்லாம் பிஞ்சு. பங்குனி வெயில் செடியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது, இனி ஒன்று பழுக்குமளவுக்குச் செடி தாங்குமா என்பது சந்தேகம். அன்றைக்குச் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தேன். தென்னந்தோப்பு, அறுப்பு முடிந்த வயலில் கொக்கு, மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன். படம் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பலாம் போல ஒரு சாயங்காலம். எடுக்கத் தோன்றவில்லை.

"அப்பா, அப்பத்தா ஏன் அழுதாங்க?"

"கண்ணுல தூசி விழுந்திருச்சும்மா."

"தூசி இல்ல. ஆடு தின்னுருச்சுல்ல, அதான்."

ஒன்றாம் வகுப்பு ஆடிட்டர்!

ஏப்ரல் 11, ரம்ஜான் பெருநாள். பகல் பதினொரு மணிக்கு அத்தை பிரியாணிச் சட்டியோடு வந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

"மருமகனே, எங்க ஆடு உங்க சொத்தைத் தின்னுருச்சாமுல்ல? பிள்ள வந்து சொல்லுச்சு. இந்தா."

பிரித்தால், சாம்பலுக்குள் கத்தரி விதை.

"போன ஆடியில உங்கம்மா குடுத்த நாத்துத்தேன். காய்ச்சதுல ஒண்ணைப் பழுக்க விட்டு, கழுவி, தண்ணியில அடியில நின்னதை மட்டும் நிழல்ல காயவச்சு எடுத்து வச்சேன். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

அம்மா அந்த விதையை உள்ளங்கையில் கொட்டி, விரலால் தள்ளிப் பார்த்தார். அந்த முகத்தை எழுத எனக்கு எழுத்து போதாது. நான் மெதுவாக உள்ளே போய், நோட்டில் அந்த 'வாராக்கடன்' பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்துவிட்டதே ஐயா!

மூணு நாள் கழித்துச் சித்திரை ஒண்ணாம் தேதி. வேப்பமரத்தடியில் சேலையை விரித்து மகள் பொறுக்கிய பூவில் பச்சடி. மாங்காய், வெல்லம், வேப்பம்பூ. சாப்பிட்டு முடித்ததும் அம்மாவே கேட்டார்.

"என்னமோ கணக்கு எழுதுனியே, வாசி."

தயங்கித் தயங்கி வாசித்தேன். நஷ்டம் 820 ரூபாய் என்று முடித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"எரு நாலு மூட்டையும் இந்த மாசத்துக்கே எழுதிட்டியாக்கும்? அது வருஷம் பூரா நிக்குமே."

தப்புதான். பரீட்சையில் மார்க் போயிருக்கும்.

"சரி. மாசி மாசம் நான் விழுந்து கெடந்தப்ப மதினி எதுக்கு வந்துச்சு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"கறிவேப்பிலை ஒடிக்க வந்துச்சு. வராம இருந்திருந்தா நான் எம்புட்டு நேரம் கெடந்திருப்பேனோ. அந்தக் கறிவேப்பிலைக்கு என்ன வெல போட்டிருக்க?"

நோட்டைப் பார்த்தேன். வாராக்கடன் பக்கத்தில், பூஜ்யம்.

தங்கச்சியை விட்டுவிட்டுப் பாட்டெழுதிய கவிஞரைக் கிண்டல் பண்ணினேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? கொல்லையில் நடந்ததையெல்லாம் எழுதினேன், கூட நடந்தவர்களை எழுதவில்லை.

கணக்கியலில் ஒரு அடிப்படைக் கருத்து உண்டு. 'கோயிங் கன்சர்ன்' என்பார்கள். வியாபாரம் நாளைக்கும் நடக்கும், அடுத்த வருஷமும் நடக்கும் என்று நம்பித்தான் கணக்கு எழுதவேண்டும். கடையை மூடப்போகிறவன் எழுதும் கணக்கு வேறு மாதிரி இருக்கும். எல்லாம் நஷ்டமாகத்தான் தெரியும். நான் அம்மாவுக்கு மூடப்போகிற கடையின் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அவரோ ஆடியில் என்ன விதைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். டெவன் பாட்டிக்கு ஜூன் மாசத்துக் கிழங்கு, எங்கம்மாவுக்கு ஆடி மாசத்து விதை. நம்மில் பாதிப்பேருக்கு அடுத்த மாசம் என்றால் இ.எம்.ஐ. தேதி மட்டும்தான் ஞாபகம் வருகிறது!

அம்மா மதுரைக்கு வரவில்லை. என் பயமும் போய்விடவில்லை. பயத்தை என்ன செய்வது என்று மட்டும் தெரிந்தது. துவைகல் பாசியைச் சுரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். ஓரமாக இரும்புக் கைப்பிடிக் கம்பி வைத்தேன். குடம் தூக்காமல் இருக்க நீள ஹோஸ் வாங்கிப் போட்டேன். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், இந்தப் பக்கம் ஒரு குரல் என்று இரண்டு பேருக்கும் ஒப்பந்தம். இதுவும் செலவுதான். ஆனால் இதை முதலீட்டில் எழுதினேன்.

அந்த ஆடியில் கத்தரி நாற்று நன்றாகவே வந்தது. ரெண்டு பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு, நாலு நாற்றை எங்கள் மதுரை ஃபிளாட் பால்கனிக்கும் கொடுத்தனுப்பினார் அம்மா. தீபாவளி சமயத்தில் காய் விட்டது. பச்சையில் வெள்ளைக் கோடு. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், செடியிலிருந்த ஏழு காயின் காம்பிலும் கலர் கலராக ரிப்பன் முடிச்சு. மகளைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது? விதைக்கு ஒண்ணு போதாதா? ஏழுலயும் கட்டி வச்சிருக்க?"

"அப்பத்தாதான் போன்ல சொன்னாங்க. உங்கப்பன் கணக்கு எழுதுற ஆளு, எதுக்கும் எல்லாத்துலயும் கட்டி வைன்னு!"